கட்டுவதா, மாறுவதா: டர்பன் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அம்மாவால் படி ஏற முடியவில்லை, சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. இப்படி ஏதாவது ஒன்று வந்ததும் வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரியும். பின்பக்கம் இரண்டு அறை இழுத்துக் கட்டலாம் என்பார் ஒருவர். விற்றுவிட்டு டர்பனுக்கு வடக்கே வெருலம் பக்கம் பெரிய வீடாகப் பார்க்கலாம் என்பார் இன்னொருவர். உடனே விலைகளை எதிரெதிரே வைப்பார்கள்: கட்டினால் 5 லட்சம் ராண்ட், வாங்கினால் 18 லட்சம்.

இந்த ஒப்பீடே தவறு. வாங்கும் வீட்டுக்குக் கொடுக்கும் 18 லட்சம் எங்கும் போய்விடுவதில்லை. வீடாக உங்களிடமே இருக்கிறது. அதேபோல, அறை கட்டச் செலவழிக்கும் 5 லட்சத்தில் ஒரு பகுதிதான் வீட்டின் விலையில் ஏறும்; மீதி ஏறாது. ஆகவே இரண்டு வழியிலும் திரும்பி வராத பணம் எவ்வளவு என்பதைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குக்கு முன்னால் மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: குறை எங்கே இருக்கிறது, பத்திரம் யார் பேரில் இருக்கிறது, இப்போதுள்ள வீடு எவ்வளவு தாங்கும்.

குறை சுவரிலா, இடத்திலா

வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் தனித்தனியாக உட்கார்ந்து, தங்களுக்கு இந்த வீட்டில் எது பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதட்டும். பிறகு ஒவ்வொரு குறைக்கும் எதிரே 'சுவர்' அல்லது 'இடம்' என்று குறியுங்கள். குளியலறை போதாது, வெளிச்சம் இல்லை, கூரை ஒழுகுகிறது என்பவை சுவர். பிள்ளையின் பள்ளிக்கு ஒரு மணி நேரப் பயணம், தெருவில் பயம், மெரிபேங்க் போன்ற தென்டர்பன் பகுதிகளில் தொழிற்சாலைக் காற்று, மழைக்கு நகரும் சரிவு என்பவை இடம். சுவரை மாற்றலாம். இடத்தை எந்தக் கொத்தனாராலும் மாற்ற முடியாது. இடத்தைப் பற்றிய குறைகள் அதிகமாக இருந்தும் பணம் குறைவு என்பதற்காகக் கட்டத் தொடங்குபவர்கள், அறை முடிந்த பிறகும் அதே மனக்குறையோடுதான் இருப்பார்கள். அப்போது கடனும் சேர்ந்திருக்கும்.

இடத்தின் நல்லவற்றையும் எழுதுங்கள். இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு, கூப்பிட்டால் வரும் பக்கத்து வீட்டுக்காரர், புரட்டாசி மாதம் முழுக்க நடந்தே போய்வரும் கோயில். இவற்றுக்கு விலை போட முடியாது என்பதால் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தினமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி பத்து நிமிட நடையில் இருப்பது மாதா மாதம் மிச்சமாகும் பணம். அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

பத்திரம்

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் பல வீடுகள் முதலில் நகராட்சி வீடுகளாக இருந்து, பின்னர் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டவை. வாங்கிய தாத்தாவோ அப்பாவோ காலமாகியும் பத்திரம் அவர் பேரிலேயே கிடப்பது உண்டு. அப்படியானால் விற்கவும் முடியாது, அந்த வீட்டின் மேல் வங்கியில் பாண்ட் (வீட்டுக் கடன்) வாங்கவும் முடியாது. இறந்தவர்களின் சொத்துகளைக் கவனிக்கும், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் சொத்தைப் பதிவு செய்து, நிர்வாகி நியமனக் கடிதம் பெற்று, வாரிசுகள் பேருக்கு மாற்ற வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்திரம் மூன்று பிள்ளைகள் பேரில் மாறியிருக்கிறது, ஒருவர் மட்டும் அங்கே குடியிருந்து 5 லட்சம் போட்டுக் கட்டுகிறார் என்று வையுங்கள். விலை ஏறும்போது மற்ற இருவரின் பங்கும் ஏறுகிறது. உறவு நன்றாக இருக்கும்போதே, யார் எவ்வளவு போட்டார், விற்றால் அது எப்படிப் பிரிக்கப்படும் என்று வழக்கறிஞர் வழியாக எழுதிக்கொள்ள வேண்டும். அல்லது கட்டுவதற்கு முன்பே மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகளில் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு தாள் இல்லாததுதான்.

இப்போதுள்ள வீடு எவ்வளவு தாங்கும்

டர்பனின் எதெக்வினி நகராட்சியிலிருந்து உங்கள் வீட்டின் அனுமதிக்கப்பட்ட பிளானின் நகலை வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பிளானில் இல்லாத அறை, மூடிய வராந்தா, கார் நிறுத்துமிடமாக இருந்து படுக்கையறையானது எல்லாம் தெரிந்துவிடும். 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் தேசியக் கட்டட விதிகள் சட்டப்படி, அனுமதி இல்லாமல் கட்டுவது குற்றம். இடிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவும் இடமுண்டு. விற்கும்போது வாங்குபவரின் வங்கி பிளான் கேட்கும். தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனமும் கேட்கும். கட்டினாலும் மாறினாலும் பழைய கட்டடத்தை ஒழுங்குபடுத்தும் செலவு உங்கள் தலையில்தான் விழும். ஆகவே அதை இரண்டு பக்கக் கணக்கிலும் எழுதுங்கள். அனுமதி என்பது வெறும் முத்திரை அல்ல. 2013 நவம்பர் 19 அன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இரண்டு பேரைப் பலிகொண்ட டொங்காட் வணிக வளாகத்துக்கு அனுமதிக்கப்பட்ட பிளான் இருக்கவில்லை.

பிளானில் மூன்றைத் தேடுங்கள். ஒன்று, எல்லைக் கோட்டிலிருந்து விட வேண்டிய தூரமும், மனையில் எத்தனை வீதம் கட்டலாம் என்பதும். இரண்டு, கழிவுநீர்க் குழாய் போகும் பாதை. பின்பக்க எல்லையை ஒட்டி நகராட்சிக் குழாய் ஓடினால் அதன் மேல் கட்ட முடியாது. 'பின்பக்கம் நிறைய இடம் இருக்கிறது' என்ற எண்ணம் அங்கேயே முடிந்துவிடும். மூன்று, கட்டிய ஆண்டு. 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தை மாற்றவும் இடிக்கவும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி வேண்டும். குவாசூலு-நட்டாலில் அது அமாஃபா. 1960களின் முதல் பாதியில் எழுந்த சாட்ஸ்வர்த் வீடுகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. சாதாரண நகராட்சி வீடுதானே என்று யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. விண்ணப்பம் பாதியில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

அடுத்தது கூரை. பழைய நகராட்சி வீடுகளில் நெளிவு அஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடுகள் இருக்கலாம். உடையாமல், பெயின்ட் பூசி இருந்தால் அவை அப்படியே இருக்கலாம். ஆனால் பெயின்டுக்கு முன் அழுத்தத் தண்ணீரால் கழுவுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது, துளையிடுவது, ரம்பத்தால் அறுப்பது எதுவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். நோய் பல பத்தாண்டுகள் கழித்து வரும். முழுக் கூரையையும் கழற்றுவதற்குப் பதிவு பெற்ற அஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரர் வேண்டும். தகடுகளை நனைத்து, உடைக்காமல் இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயக் கழிவுக்கான கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். கொட்டியதற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பிறகு என்ன போடுவது என்பதிலும் தவறு நடக்கும். ஓட்டுக்கூரை அழகு என்று கான்கிரீட் ஓடு கேட்பார்கள். அது ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ அளவு வரும். பழைய தகடு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் கனத்துக்காகச் செய்யப்படாத பழைய மரச் சட்டங்கள் வளைந்துவிடும். மேலும் கான்கிரீட் ஓட்டுக்குக் கீழ்விரிப்பு போட்டாலும் குறைந்தது 17 டிகிரி சரிவு வேண்டும், போடாவிட்டால் 26 டிகிரி. தகடு போட்ட தாழ்ந்த கூரைகளில் அது இருக்காது. பூச்சு கொண்ட உலோகத் தகடுதான் இங்கே பொருத்தம். கடலுக்குக் கிட்டே என்றால் அலுமினியம் அல்லது அலுமினியம்-துத்தநாகப் பூச்சு. வெறும் துத்தநாகப் பூச்சு உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இரட்டை வீடு என்றால் கூரையும் நடுச்சுவரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம். அவரோடு பேசி இரண்டு பாதியையும் ஒன்றாக மாற்றினால் செலவும் குறையும், இணைப்பும் ஒழுகாது. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நடுச்சுவரைக் கூரைக்கு மேல் உயர்த்தி, இரு பக்கமும் தகடு மடித்து அடைக்க வேண்டியிருக்கும். அந்த மடிப்பைச் சுவருக்குள் வெட்டிச் செருகாமல் சிலிக்கான் மட்டும் பூசி முடிக்கும் வேலை அதிக நாள் நிற்காது.

மாடி எடுக்க நினைப்பவர்கள் கட்டாயம் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி இரண்டு இடங்களில் குழி தோண்டி அடி கான்கிரீட் தெரியச் செய்து, அதன் அகலம், கனம், கீழே இருக்கும் மண் மூன்றையும் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். ஒற்றைத் தளத்துக்காகப் போட்ட அஸ்திவாரமும் உள்ளீடற்ற பிளாக் சுவரும் மாடியைத் தாங்கும் என்று ஒப்பந்தக்காரர் வாயால் சொல்வது போதாது. பொறியாளர் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும்.

விரிசல்களுக்கு அவசரப்படாதீர்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அகலத்தைக் குறித்து வையுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரையான மழைக்காலம் கடந்து மறுபடி பாருங்கள். மயிரிழை அளவில் அப்படியே இருந்தால் அது பிளாஸ்டர் விரிசல். செங்கல் வரிசையோடு படிப்படியாக ஏறி, ஒரு முனை அகன்றுகொண்டே போனால் அஸ்திவாரம் நகர்கிறது. சரிவில் இருக்கும் வீட்டில் தடுப்புச் சுவரையும் பாருங்கள்: வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, நீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா? பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தமே பெரும்பாலான தடுப்புச் சுவர்களைத் தள்ளிவிடுகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் எங்கும் சரிவுகள் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலமே நகர்ந்தால் அது 'இடம்' பக்கத்துக் குறை; அங்கே மேலும் கட்டக் கூடாது.

திரும்பி வராத பணம்

இப்போது கணக்கு. இது எடுத்துக்காட்டு, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டின் இன்றைய விலை 12 லட்சம் ராண்ட். அதே தெருவில் நன்றாகப் பெருப்பித்துக் கட்டிய வீடு 15 லட்சத்துக்கு மேல் விற்றதில்லை. தேவை 40 சதுர மீட்டர்: இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. சதுர மீட்டருக்கு 12,000 ராண்ட் என்றால் 4,80,000. பிளான், பொறியாளர், நகராட்சிக் கட்டணம் 35,000. பழைய வீட்டில் சுவரைத் திறந்தால் எதிர்பாராதது வரும். அதற்கு கட்டுமானத் தொகையில் 15 வீதம், 72,000. மொத்தம் 5,87,000. வீட்டின் விலை ஏறுவது அதிகபட்சம் 3 லட்சம். திரும்பி வராதது 2,87,000.

தெருவின் உச்ச விலை என்பதுதான் இங்கே முக்கியம். பளிங்குத் தரை போட்டாலும் வாங்குபவர் அந்தத் தெருவுக்கான விலையைத்தான் கொடுப்பார். இந்த உச்சத்துக்கு விளம்பரத்தில் போட்ட விலையை எடுக்காதீர்கள். பத்திரப் பதிவில் ஏறிய விற்பனை விலையைக் கேளுங்கள். ஏஜென்டுகளிடம் அந்தப் பட்டியல் இருக்கும்.

மாறினால்: 12 லட்சத்துக்கு விற்று 18 லட்சத்துக்கு வாங்குவதாக வைப்போம். ஏஜென்ட் தரகு 6 வீதம், அதன் மேல் 15 வீத வாட் வரி சேர்த்து 82,800. இது பேசித் தீர்க்கும் தொகை, குறைக்கக் கேளுங்கள். வாங்கும் வீட்டுக்குச் சொத்து மாற்று வரி: 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ராண்ட் வரை வரி இல்லை, அதற்கு மேல் 16,63,800 வரை 3 வீதம், அதற்கு மேல் 23,29,300 வரை 6 வீதம். 18 லட்சத்துக்கு 21,786 வரும். கட்டடக்காரரிடம் நேரே வாங்கும் புது வீட்டின் விலையில் வாட் சேர்ந்திருந்தால் இந்த வரி கிடையாது. பத்திர மாற்றத்துக்கும் புது பாண்ட் பதிவுக்கும் வழக்கறிஞர் கட்டணம் 70,000 என்று வையுங்கள். வங்கியின் தொடக்கக் கட்டணம் அதிகபட்சம் 6,037.50. பழைய பாண்டை நீக்க 5,000, சான்றிதழ்களுக்கு 6,000, லாரி, பூட்டு, திரைச்சீலைக்கு 20,000. கூட்டினால் ஏறக்குறைய 2,12,000.

ஆக, மாறுவதில்தான் நஷ்டம் குறைவு என்று தோன்றும். கடன் பக்கத்தையும் பாருங்கள். கட்டினால் புதுக் கடன் 5,87,000. மாறினால் விலை வித்தியாசம் 6 லட்சமும் செலவும் சேர்ந்து 8,12,000. வட்டி 10.25 வீதம், 20 ஆண்டு என்றால் முதலாவதுக்கு மாதம் சுமார் 5,760, இரண்டாவதுக்கு சுமார் 7,970 ராண்ட். பெரிய வீட்டுக்கு நகராட்சி வரியும், வளாகம் என்றால் மாதக் கட்டணமும் கூடும். நஷ்டம் குறைந்த வழி மாதச் சுமை அதிகமுள்ள வழியாக இருக்கலாம். சம்பளம் எதைத் தாங்கும் என்பது தனிக் கேள்வி, அதை முதலில் தீர்க்க வேண்டும்.

கடைசியாக ஆண்டுகளால் வகுங்கள். இன்னும் 15 ஆண்டு அங்கேயே இருப்பீர்கள் என்றால் 2,87,000 என்பது ஆண்டுக்குச் சுமார் 19,100. அக்கா வீடு பக்கத்தில் இருப்பதற்கு அது பெரிய விலை அல்ல. நான்கு ஆண்டில் பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க் போய்விடுவார்கள், நீங்களும் பின்னாலேயே போவீர்கள் என்றால் ஆண்டுக்கு 71,750; அப்போது கட்டக் கூடாது. பெயின்ட் அடித்து, ஒழுகலை அடைத்து, காலம் தள்ளுவதே நல்லது. மூன்றாவது வழி ஒன்று இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

கட்டுவது என்று முடிவானால்

பிளான் வரைபவர் தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். படுக்கையறை குறைந்தது 6 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையாமல், உயரம் 2.4 மீட்டர், சன்னல் தரைப்பரப்பில் 10 வீதம். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாளில் நகராட்சி முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். தாள் ஒன்று குறைந்தாலும் அந்த நாள்கணக்கு தொடங்காது. அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி.

ஏற்கெனவே பதிவான பாண்ட் தொகையில் நீங்கள் அடைத்த பணத்தைத் திரும்பக் கடனாக எடுப்பதாக இருந்தால் புதுப் பதிவுச் செலவு இல்லை. அதற்கு மேல் என்றால் கூடுதல் பாண்ட் பதிய வேண்டும். வங்கியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

கூரையைத் திறக்கும் வேலையை மே முதல் ஆகஸ்ட் வரையான வறண்ட மாதங்களில் வையுங்கள். ஆடியில் தொடங்க விரும்பாதவர்கள் வைகாசியிலேயே தொடங்கிவிடலாம். டிசம்பர் நடுவில் கட்டடத் தொழிலாளர்கள் விடுமுறை போய் ஜனவரியில்தான் திரும்புவார்கள்; அக்டோபரில் தொடங்கினால் மழையும் விடுமுறையும் சேர்ந்து திறந்த வீட்டில் தீபாவளியும் பொங்கலும் வந்துவிடும்.

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே பிளான், ஒரே பொருள் பட்டியல். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: அஸ்திவாரமும் தரைக் கான்கிரீட்டும், சுவர் உச்சி, கூரை, பிளாஸ்டர், முடிவு. முடிந்த வேலைக்கு மட்டும்தான் பணம். கடைசி 5 முதல் 10 வீதத்தை மூன்று மாதம் பிடித்து வையுங்கள். அஸ்திவாரக் குழியை நகராட்சி ஆய்வாளர் பார்ப்பதற்கு முன் கான்கிரீட் ஊற்ற விடாதீர்கள். புதுத் தரையும் வெளி நிலமும் சேருமிடத்தில், வெளிநிலம் 150 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். முற்றத்துக்குக் கல் பதிக்கும்போது இந்த இடைவெளியை மூடிவிடுவதால்தான் புது அறையின் சுவரில் ஒரே ஆண்டில் ஈரம் ஏறுகிறது. முடிவில் மின் இணக்கச் சான்றிதழையும், கட்டடத்தில் குடியிருக்கலாம் என்ற நகராட்சிச் சான்றிதழையும் வாங்குங்கள். இரண்டாவது இல்லாமல் பிளான் அனுமதி பாதிதான்.

மாறுவது என்று முடிவானால்

பழைய பாண்டை நீக்கப்போவதாக வங்கிக்கு 90 நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாத வட்டி வரை அபராதமாக வாங்குவார்கள். விற்பவராக நீங்கள் கொடுக்க வேண்டியவை: இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாகாத மின் சான்றிதழ், வாயு அடுப்புக்கும் மின்வேலிக்கும் தனிச் சான்றிதழ், இந்தக் கடற்கரைப் பகுதியில் ஒப்பந்தத்தில் வழக்கமாகக் கேட்கப்படும், மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்ற சான்றிதழ், நகராட்சியின் பாக்கியின்மைச் சான்று. தண்ணீர் பில்லில் பழைய தகராறு இருந்தால் இப்போதே தீருங்கள். அது தீராமல் பத்திரம் மாறாது. குடியிருந்த வீட்டை விற்ற லாபத்தில் குறைந்தது 20 லட்சம் ராண்டுக்கு மூலதன ஆதாய வரி இல்லை. பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதிக்குச் சலுகை குறையும்.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சொத்துத் தொழிலர் சட்டப்படி, தெரிந்த குறைகளை விற்பவர் படிவத்தில் எழுதித் தர வேண்டும். 'இருந்தபடியே விற்பனை' என்ற வரி, தெரிந்தே மறைத்தவரைக் காப்பாற்றாது. வாங்கும் வீட்டுக்கும் இதே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், அதன் பிளானையும் கேளுங்கள். மேலே சொன்ன கூரை, விரிசல், தடுப்புச் சுவர்ப் பரிசோதனை எல்லாம் அந்த வீட்டுக்கும் உண்டு. நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். புது வீடு என்றால் தேசிய வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தில் அந்த வீடே பதிவாகியிருக்க வேண்டும். பதிந்திருந்தால் கட்டமைப்புக்கு 5 ஆண்டு, கூரை ஒழுகலுக்கு 1 ஆண்டு, மற்ற குறைகளுக்கு 3 மாதம் உத்தரவாதம்.

வாங்கும் ஒப்பந்தத்தில், உங்கள் வீடு குறிப்பிட்ட தேதிக்குள் விற்றால்தான் இது செல்லும் என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பாண்டும் ஒரே நேரத்தில் உங்கள் மேல் ஏறிவிடும். விற்பவர் அதற்கு 72 மணி நேர விதி கேட்பார்: வேறு ஒருவர் நிபந்தனையில்லாமல் வந்தால், அந்த நேரத்துக்குள் நீங்கள் நிபந்தனையைக் கைவிட வேண்டும் அல்லது விலக வேண்டும். இரு தரப்பு வழக்கறிஞர்களும் பேசி, விற்பதும் வாங்குவதும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் ஒரே நாளில் பதிவாகும்படி ஏற்பாடு செய்யலாம். அது தவறினால், இடைப்பட்ட நாட்களுக்குக் குடியிருப்பு வாடகை யார் கொடுப்பது, நாளுக்கு எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.